குறுகிய நெடில்

நுழையும்முன்

எழுத்து, தான் நிற்கும் இடத்தைப் பொறுத்துத் தன் மாத்திரையில் குறைந்து ஒலிப்பதைத் தமிழ் இலக்கணம் குறுக்கம் என்கிறது. கணினி மொழியிலும் அத்தகைய குறுக்கம் ஒன்று உண்டு. அதனை அறியாத தமிழாசிரியர் ஒருவர் தம் மாணவியின் உழைப்பை ஐயுற்றதையும், அந்த ஐயம் நீங்குவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேவைப்பட்டதையும் இக்கட்டுரை கூறுகிறது.

நான் தமிழ் கற்பிப்பவள். கணினியைப் பற்றி எனக்குத் தெரிந்தவை மிகச் சில. தட்டச்சு செய்யத் தெரியும், அச்செடுக்கத் தெரியும், திரை உறைந்துபோனால் அணைத்துவிட்டு மீண்டும் இயக்கத் தெரியும். இவ்வளவு அறிவை வைத்துக்கொண்டு, ஒரு மாணவியின் கணக்கைத் தவறு என்று தீர்ப்பளித்தேன். அத்தீர்ப்பை நானே திருத்தி எழுத நேர்ந்த வரலாறு இது.

2024 ஆம் ஆண்டு ஆடி மாதம். தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கான துணைப்பாட நூல் ஒன்றை எழுதும் குழுவில் நானும் ஒருத்தி. தமிழ் எழுத்துகள் 247 என்று வாய்ப்பாடு போலச் சொல்கிறோம். அவை அனைத்தும் ஒரே அளவில் புழங்குவதில்லை. ‘க’வும் ‘து’வும் ‘ம்’மும் வரிக்கு வரி வரும். ‘ஙௌ’ என்னும் எழுத்தை அரிச்சுவடிக்கு வெளியே கண்டவர் யார்? நாங்கள் எழுதிய பாடங்களில் எழுத்துகள் வரும் விகிதமும், கதை நூல்களிலும் சிறுவர் இதழ்களிலும் அவை வரும் விகிதமும் ஒத்திருக்கின்றனவா என்று அறிய விரும்பினோம். ஒத்திராவிட்டால், படிக்கத் தொடங்கும் குழந்தை புத்தகத்தில் ஒரு தமிழையும் வெளியில் வேறொரு தமிழையும் சந்திக்கும். ஆனால், அத்தனை எழுத்துகளையும் கையால் எண்ணி முடிக்க ஓர் ஆயுள் போதாது.

என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பில் பயின்ற மாணவி ஒருத்தி அப்போது இயற்பியலில் முதுகலைப் பட்டம் முடித்து, முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தாள். அவளிடம் இந்த வேலையைச் சொன்னேன். “செய்து தருகிறேன் அம்மா” என்றாள். கூலி எதுவும் பேசவில்லை. நூலின் முன்னுரையில் அவள் பெயரைக் குறிப்பதாகவும், அவளது விண்ணப்பத்திற்கு இப்பணியைப் பாராட்டி ஒரு பரிந்துரைக் கடிதம் தருவதாகவும் நான் சொல்லியிருந்தேன்.

மாணவியின் நிரல்

எழுத்தை எண்ணுவது எளிய வேலை என்றுதான் எண்ணியிருந்தேன். முதல் வாரத்திலேயே அவள் கேட்ட கேள்விகள் என்னைத் திகைக்க வைத்தன. நமக்கு ‘கி’ ஓர் எழுத்து. கணினியின் நினைவிலோ ‘க’ என்பது ஒரு குறி, அதன்மேல் ஏறும் கொக்கி மற்றொரு குறி. ‘க்’ என்னும் மெய்யும் அவ்வாறே இரண்டு குறிகள். எண்ணுவதற்கு முன் அவற்றை ஒன்றுசேர்க்க வேண்டும். “‘ஸ்ரீ’ ஓர் எழுத்தா, இரண்டா அம்மா?” என்று ஒருநாள் இரவு பதினொரு மணிக்குக் கேட்டாள். விடுபட்டுப் போகட்டும் என்றேன்.

எழுத்துகளை எண்ணியதோடு அவள் நிற்கவில்லை. எந்த எழுத்தை அடுத்து எந்த எழுத்து வருகிறது என்பதையும் கணக்கிட்டாள். 247 எழுத்துகளுக்குப் பக்கத்தில் 247 எழுத்துகள்; ஆக 61,009 கட்டங்கள் கொண்ட அட்டவணை. இதற்குப் பைத்தான் மொழியையும், அதனோடு இணைந்து இயங்கும் ‘நம்பை’ என்னும் நிரல் நூலகத்தையும் பயன்படுத்தினாள். நிரல் நூலகம் என்பது, பிறர் முன்பே எழுதிச் சோதித்து வைத்த கணக்கீட்டுக் கருவிகளின் தொகுப்பு. நம்பையின் முதல் முழுப் பதிப்பு 2006 ஆம் ஆண்டில் வெளிவந்தது. வானியல், மருத்துவம், பொறியியல் எனப் பெரிய எண்கூட்டங்களைக் கையாளும் துறைகளில் இன்று இதனை அறியாதார் அரியர். 2019 ஏப்ரலில் உலகம் வியந்து பார்த்த கருந்துளைப் படத்தை உருவாக்கிய கணக்கீடுகளிலும் நம்பைக்குப் பங்குண்டு.

பைத்தான் எழுதுவதற்கு எளிது. ஆனால், இலட்சக்கணக்கான எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது மெதுவாக ஓடும். எனவே, எழுத்துகளைப் பிரிக்கும் பகுதியை மட்டும் சி மொழிக்கு மாற்றித் தரும் வேறொரு மொழியில் எழுதினாள். அதன் பெயரைத் தமிழில் எழுதினால் ‘சைத்தான்’ என்றாகிறது. பெயரைக் கேட்டபோது சிரித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரையில்தான் அந்தச் சிரிப்பு.

இவ்வாறு எழுதிய மூல நிரலைக் கணினி நேரடியாகப் புரிந்துகொள்ளாது. நிரல்பெயர்ப்பி என்னும் மென்பொருள் அதனை அந்தந்தக் கணினிக்குரிய பொறிமொழிக்கு மாற்றி, இயங்கும் கோப்பாக ஆக்க வேண்டும். இதனைக் கணினித் துறையினர் ‘பில்டு’ என்பர். நான் கட்டுதல் என்று சொல்லிப் பழகிவிட்டேன். அவளிடம் இருந்தது பள்ளியில் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி. அதில் லினக்ஸ் இயக்க அமைப்பில் அவள் நிரலைக் கட்டினாள். என் வீட்டுக் கணினியில் இருந்தது விண்டோஸ். எனக்காகத் தான் படித்த கல்லூரியின் ஆய்வகத்தில் விண்டோஸுக்கும் ஒருமுறை கட்டி, ஒரு விரலியில் போட்டுக் கொடுத்தாள். ஒரே நிரல், இரண்டு கணினிகள்.

ஒன்றைத் தாண்டிய எண்

அவளது அறிக்கையில் ஐந்து நூல்தொகுப்புகளுக்கு எதிரே ஐந்து எண்கள் இருந்தன. எங்கள் பாடங்களோடு ஒவ்வொரு தொகுப்பும் எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதை அவை காட்டின. திங்கட்கிழமை குழுக் கூட்டம். சனிக்கிழமை இரவு, நானும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று என் கணினியில் நிரலை இயக்கினேன். மூன்று எண்கள் கடைசி இலக்கம் வரை அவளுடைய எண்களோடு பொருந்தின. இரண்டு பொருந்தவில்லை. அவள் 0.94 என்று கொடுத்திருந்த இடத்தில் என் திரையில் இரண்டுக்கும் மேற்பட்ட ஓர் எண் இருந்தது.

நிரல் அவளுடையது; நூல்களும் அவளே திரட்டியவை; நான் ஒரு புள்ளியையும் மாற்றவில்லை. அப்படியிருக்க விடை மாறுமா? அறிக்கையில் எழுதும்போது அவள் எண்களைத் திருத்தியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். குழுவின் ஒருங்கிணைப்பாளருக்கு, ‘எழுத்து அட்டவணையில் ஐயம் உள்ளது, அச்சுக்கு அனுப்ப வேண்டா’ என்று குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு, அவளை அழைத்தேன்.

“இந்த இரண்டு எண்களையும் நீ கையால் மாற்றினாயா?”

சிறிது நேரம் பேச்சில்லை. “இல்லை அம்மா” என்றாள்.

“என் கணினி வேறு விடை சொல்கிறதே?”

“பார்க்கிறேன் அம்மா.”

கூடுதலாக நான் சொன்ன ஓரிரு சொற்களை இங்கே எழுத விரும்பவில்லை. பரிந்துரைக் கடிதத்தைப் பற்றியும் அவற்றில் ஒன்று இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவளே அழைத்தாள். குரலில் தூக்கமின்மை தெரிந்தது. “அம்மா, உங்கள் திரையில் வந்த எண் ஒன்றைவிடப் பெரியதா?” என்று கேட்டாள். ஆம் என்றேன். “அப்படியானால் அது விடையாக இருக்க முடியாது. நாம் காண்பது ஒரு கோணத்தின் கோசைன். கோசைன் ஒன்றைத் தாண்டாது.”

மாணவர்களே, உங்கள் கணக்குப் புத்தகத்தில் வெக்டர்களின் புள்ளிப் பெருக்கம் உள்ளது. ஒவ்வொரு தொகுப்பையும் 247 கூறுகள் கொண்ட ஒரு வெக்டராகக் கொண்டு, இரண்டு வெக்டர்களுக்கு இடையிலுள்ள கோணத்தை அவள் கண்டிருந்தாள். முற்றிலும் ஒத்திருந்தால் விடை ஒன்று. ஒப்புமை குறையக் குறைய அது சுழியை நோக்கிச் செல்லும். நீங்கள் அறிந்த இந்தச் செய்தி உங்கள் தமிழாசிரியைக்குத் தெரியவில்லை. பெரிய எண் வந்தால் பெரிய ஒப்புமை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐகாரமும் ‘லாங்’கும்

இரண்டு கணினிகளும் ஏன் மாறுபட்டன என்பதையும் அவள் இரவோடு இரவாகக் கண்டுபிடித்திருந்தாள். சி மொழியில் முழு எண்களைச் சேர்த்து வைப்பதற்குரிய தரவினங்களுள் ஒன்றின் பெயர் ‘லாங்’. நெடியது என்று பொருள். அது எத்தனை பிட் நீளம் என்பதைச் சி மொழியின் விதி உறுதியாகச் சொல்வதில்லை. குறைந்தது 32 பிட் இருக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. 32 பிட் கணினிகள் 64 பிட்டுக்கு மாறிய காலத்தில், யூனிக்ஸ் வழியில் வந்த இயக்க அமைப்புகள் ‘லாங்’கை 64 பிட்டாக விரித்துக்கொண்டன. லினக்ஸ் அந்த வழியைச் சேர்ந்தது. விண்டோஸை உருவாக்கியவர்களோ, முன்பு எழுதிய நிரல்கள் பழுதின்றி ஓட வேண்டும் என்று கருதி, அதனை 32 பிட்டாகவே வைத்துக்கொண்டனர். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. நம்பை நூலகம் முழு எண்ணின் அளவை நாம் குறிப்பிடாதபோது ‘லாங்’கைப் பின்பற்றியது. ஆகவே, லினக்ஸில் 64, விண்டோஸில் 32.

இதை அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் இடைமறித்து, “இது ஐகாரக்குறுக்கம்!” என்றேன். மறுமுனையில் அவள் சிரித்தது கேட்டது. நேற்றிரவுக்குப் பின் அவள் சிரித்த முதல் சிரிப்பு.

‘ஐ’ நெடில், அதற்கு மாத்திரை இரண்டு. ‘கை’, ‘பை’ என ஓரெழுத்து ஒருமொழியாக நிற்கும்போது அந்த இரண்டு மாத்திரையும் குறையாமல் ஒலிக்கும். ‘வையம்’ என்று சொல்லின் முதலில் வந்தால் ஒன்றரையாகும். ‘சமையல்’ என இடையிலும், ‘பறவை’ என இறுதியிலும் வந்தால் ஒன்றாகிவிடும். எழுதும் வடிவம் மாறுவதில்லை, பெயரும் நெடில்தான், அளவு மட்டும் பாதியாகிறது. யாப்பிலக்கணம் பயின்றவர் இதை மறந்து சீர் பிரித்தால் தளை தட்டும். ‘லாங்’கும் அப்படித்தான். எழுதும் வடிவம் ஒன்று, லினக்ஸில் முழு நீளம், விண்டோஸில் பாதி.

என் பாட்டி ஊரில் இப்படியொரு வழக்கு நடந்ததுண்டு. வாங்கிய ஐந்து படி நெல்லை ஐந்து படியாகவே திருப்பித் தந்தும், கடன் தீரவில்லை என்று கொடுத்தவர் வீட்டில் சொன்னார்கள். பாட்டி ஊர்ப்படி பெரியது. வாங்கியவர் ஊர்ப்படி சிறியது.

நீளம் பாதியானால் என்ன கெடும்? 32 பிட்டில் ஒன்று கூட்டல் கழித்தல் குறிக்குப் போய்விடும். எஞ்சியவற்றில் சேமிக்கத்தக்க மிகப்பெரிய எண் 2,14,74,83,647. ஒப்புமை காண்பதற்கு ஒவ்வோர் எழுத்தும் வந்த எண்ணிக்கையை வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும். ஒரு தொகுப்பில் ‘க’ 70,000 முறை வருவதாகக் கொள்வோம். அதன் வர்க்கம் 4,90,00,00,000. இந்த எண் 32 பிட்டுக்குள் அடங்காது. கணினி பிழை என்று கூவுவதில்லை. வண்டியின் தொலைவுகாட்டி 99,999-ஐக் கடந்ததும் மீண்டும் சுழியிலிருந்து தொடங்குவதுபோல, 4,29,49,67,296-ஐ ஓசையின்றிக் கழித்துவிட்டு, 60,50,32,704 என்று எழுதிக்கொள்கிறது. பார்ப்பதற்குக் குறையொன்றும் இல்லாத எண். கழித்தபின் குறை எண் வந்திருந்தால் வர்க்கமூலம் காண முடியாமல் கணினி விடை மறுத்திருக்கும், நானும் விழித்திருப்பேன். என் போதாத காலம், இரண்டு தொகுப்புகளிலும் மிகை எண்ணே வந்தது. வகுக்கும் எண் சுருங்கியதால் விடை ஒன்றைத் தாண்டியது. சிறிய தொகுப்புகள் மூன்றும் எல்லைக்குள் அடங்கியதால் பொருந்திவிட்டன. பெரியவை மட்டுமே தவறாயின.

தெரிந்து தெளிவோம்

1996 ஜூன் 4 அன்று, தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியான் 5 ஏவூர்தி முதன்முறையாகப் புறப்பட்டது. ஏறத்தாழ 37 நொடிகளில் அதன் வழிகாட்டும் கருவி செயலிழந்தது. ஏவூர்தி பாதை மாறிச் சிதறியது. ஏரியான் 4-க்கென எழுதப்பட்ட நிரற்பகுதி ஒன்று, 64 பிட் பதின்ம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்ற முயன்றதே காரணம். 16 பிட்டின் மேல் எல்லை 32,767. பழைய ஏவூர்தியின் பாதையில் அந்த எண் எல்லையைத் தாண்டியதே இல்லை. புதியதன் பாதை வேறு.

கட்டும் வேலை

“நம்பையின் புதிய பதிப்பை நிறுவினால் போதும் அம்மா” என்றாள். 2024 ஜூன் 16 அன்று நம்பை 2.0 வெளிவந்திருந்தது. ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் முதல் எண்ணே மாறிய பதிப்பு. 64 பிட் கணினியாக இருந்தால், அது விண்டோஸே ஆனாலும், முழு எண்ணின் இயல்பான அளவு இனி 64 பிட் என்று அதில் மாற்றியிருந்தனர். ஒரு நூலகத்தை மேம்படுத்துவது ஒரு பொத்தானை அழுத்தும் வேலை என்று எண்ணி, காலை ஏழு மணிக்கு அமர்ந்தேன்.

நம்பை 2.0-க்குப் பைத்தான் 3.9 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். என்னிடம் இருந்தது 3.8. பைத்தான் 3.12-ஐ நிறுவினேன். புதிய பைத்தான், அவள் கட்டிக் கொடுத்த பழைய கோப்பைத் தன்னுடையதாக ஏற்கவில்லை. ஏற்றிருந்தாலும் நம்பை 1-க்கெனக் கட்டியது நம்பை 2-இல் இயங்காது என்றாள். மீண்டும் கட்ட வேண்டும். கல்லூரி ஆய்வகம் ஞாயிறன்று திறக்காது. அவள் வீடு இருப்பதோ அறுபது கிலோமீட்டருக்கு அப்பால். என் கணினியிலேயே, என் கையாலேயே கட்டியாக வேண்டும். தொலைபேசியில் அவள் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, நான் கறுப்புத் திரையில் தட்டச்சு செய்தேன். எழுத்து கூட்டிப் படிக்கும் முதல் வகுப்புக் குழந்தையின் நிலை எனக்கு வாய்த்தது அன்றுதான்.

முதலில் வந்த செய்தி, மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0 அல்லது அதற்கு மேற்பட்டது தேவை என்றது. லினக்ஸில் நிரல்பெயர்ப்பி எளிதில் கிடைக்கும். விண்டோஸில் தனியே வாங்கி வைக்க வேண்டும். விலையில்லை, ஆனால், அளவு சில கிகாபைட்டு. என் அலைபேசியின் அன்றாட இணைய அளவு பாதியிலேயே தீர்ந்தது. மகனின் அலைபேசியைக் கேட்டு வாங்கினேன். அது இறங்கி முடிவதற்குள் சமையல் முடிந்து, சாப்பாடும் முடிந்தது.

இரண்டாவது தடை, ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ என்னும் பகுதி இல்லை என்பது. கட்டுவதற்கான கட்டளைகளை அவள் அந்தப் பகுதியைக் கொண்டு எழுதியிருந்தாள். பைத்தானோடு நெடுங்காலம் சேர்ந்தே வந்த அது, 3.12-இல் நீக்கப்பட்டுவிட்டது. ‘செட்டப்டூல்ஸ்’ என்பதை நிறுவி, ஒரு வரியை மாற்றியதும் இந்தத் தடை நீங்கியது.

மாலை ஐந்து மணிக்குக் கட்டுதல் முடிந்தது. நிரலை இயக்கினேன். தரவினம் பொருந்தவில்லை, ‘லாங்’ எதிர்பார்க்கப்பட்டது, வந்ததோ ‘லாங் லாங்’ என்று ஒரு செய்தி காட்டிவிட்டு நின்றுவிட்டது. நீண்டது வேண்டும், நீண்ட நீண்டது வந்துவிட்டது! இப்படியும் ஒரு புகாரா என்று வியந்தேன். நடந்தது இதுதான். புதிய நம்பை விண்டோஸில் 64 பிட் அணியைத் தரத் தொடங்கிவிட்டது. அவள் எழுதிய சைத்தான் பகுதியோ இன்னும் ‘லாங்’கையே கேட்டு நிற்கிறது. விண்டோஸில் ‘லாங்’ 32 பிட். இதே நிரல் அவளது லினக்ஸில் முணுமுணுப்பின்றி ஓடியது; அங்கே இரண்டும் 64. மேம்படுத்தும் வேலை ஒரு கணினியில் முடிந்து, மற்றொன்றில் முடியாமல் கிடந்தது.

என் மகன் மென்பொருள் வேலையில் இருப்பவன். என் புலம்பலைக் கேட்டு வந்து பார்த்தான். “இது ஒரு நிமிட வேலை அம்மா. அணியை 32 பிட்டாக மாற்றி அனுப்பினால் செய்தி மறைந்துவிடும்” என்று ஒரு வரியைச் சேர்த்தான். செய்தி மறைந்தது. நிரல் ஓடியது. ஐந்து எண்களும் வந்தன. நான் கைதட்டாத குறை. அவளை அழைத்து எண்களைப் படித்தேன். நான்காவது எண்ணை நான் முடிப்பதற்குள், “அண்ணா 32-க்கு மாற்றினாரா?” என்று கேட்டாள். அதே இரண்டு எண்கள்; அதே தவறு. காலையில் நான் தொடங்கிய இடத்திற்கே திரும்பியிருந்தேன். ஆனால், இப்போது எல்லாம் புதிய பதிப்பு. குறை சொல்லும் செய்தி ஒன்றும் இல்லை. அந்த நிலையில் குழுவின் முன் வைத்திருந்தால் யாரும் ஐயப்பட்டிருக்கமாட்டார்கள்.

அந்த வரியை நீக்கச் சொன்னாள். பிறகு மூல நிரலில் ‘லாங்’ என்று எழுதியிருந்த இடங்களையெல்லாம் தேடிச் சொன்னாள், பதினொன்று. ஒவ்வொன்றையும் அழித்துவிட்டு, எந்தக் கணினியிலும் 64 பிட்டையே குறிக்கும் ‘இன்ட்64’ என்னும் தரவினத்தை எழுதச் செய்தாள். நம்பை அணிகளை உருவாக்கும் வரிகளிலும் அந்த அளவையே வெளிப்படையாகக் குறித்தோம். 64 பிட்டில் பத்தொன்பது இலக்க எண்ணும் அடங்கும். தமிழில் அச்சான நூல்களையெல்லாம் எண்ணினாலும் ‘க’வின் வர்க்கம் அதைத் தொடாது என்றாள். அது சரியா என்று பார்க்க எனக்கு ஆற்றல் இல்லை, நம்பினேன்.

இரவு ஒன்பதரைக்கு மீண்டும் கட்டினோம். எழுத்தை எண்ணுவதற்கு முன் ஒரு சிறு சோதனையைச் சேர்த்தாள். கணினி 70,000-ஐ வர்க்கப்படுத்த வேண்டும். 4,90,00,00,000 வராவிட்டால், மேற்கொண்டு எதையும் எண்ணாமல் நின்றுவிட வேண்டும். சோதனை தேறியது. ஐந்து எண்கள் வந்தன. அவள் திரையிலும் என் திரையிலும் ஒன்றே. இரண்டாவது தொகுப்பு 0.94.

“நேற்று உன்னைப் பேசியது தவறு” என்றேன்.

“‘லாங்’ என்று எழுதியது நான்தானே அம்மா. நீங்கள் ஓட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது” என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, “எண்ணை மாற்றினாயா என்று கேட்டதுதான்...” என்று நிறுத்திக்கொண்டாள். அந்த வாக்கியத்தை நான் முடித்து வைக்க முயலவில்லை.

திங்கட்கிழமை கூட்டத்தில், ஐயம் என்னுடையது, அட்டவணை சரியானது என்று எழுந்து சொன்னேன். ஒருங்கிணைப்பாளர், “நேற்று முன்தினம் தவறு என்றீர்கள், இன்று சரி என்கிறீர்கள். எந்தக் கணினியை நாங்கள் நம்புவது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அறையிலிருந்த கரும்பலகையில் 70,000-இன் வர்க்கத்தைக் கையால் பெருக்கிக் காட்டி, பழைய நிரலின் விடையை அதன் அருகில் எழுதினேன். குழுவில் இருந்த கணித ஆசிரியர் ஒருவர் இரண்டையும் கழித்துப் பார்த்து, “இது 2-இன் 32-ஆம் அடுக்கு அல்லவா!” என்றார். அதற்குமேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை. அட்டவணை நூலுக்குள் போயிற்று. முன்னுரையில் அவள் பெயர் நின்றது. பரிந்துரைக் கடிதத்தை அன்று மாலையே எழுதி அனுப்பினேன். சனிக்கிழமை இரவு நடந்ததையும் அதில் ஒரு பத்தியாக எழுதியிருந்தேன். என்னைப் பற்றிய பத்தி அது. எனினும், அவள் எப்படிப்பட்ட ஆய்வாளராக வருவாள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

சில வாரங்கள் கழித்து, எங்கள் பள்ளியின் மூலையில் கிடந்த பழைய 32 பிட் கணினியிலும் அந்த நிரலை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டேன். அத்தகைய லினக்ஸ் கணினிகளுக்கு நம்பையின் ஆயத்தத் தொகுப்புகள் இப்போது வெளிவருவதில்லை. மூல நிரலிலிருந்து புதிய பதிப்பைக் கட்ட முயன்றபோது, நினைவகம் போதாமல் கணினி உறைந்து நின்றது. அணைத்துவிட்டு மீண்டும் இயக்கினேன். மேம்படுத்தும் எண்ணத்தைக் கைவிட்டு, அதில் முன்பே இருந்த பழைய நம்பையைக் கொண்டே கட்டினோம். அந்தக் கணினியில் ‘லாங்’ என்றால் 32 பிட்தான். புதிய நம்பையை ஏற்றியிருந்தாலும் அங்கே இயல்பான அளவு 32 பிட்டாகவே இருந்திருக்கும் என்று அவள் சொன்னாள். ஆனால், எங்கள் நிரலில் ‘லாங்’ என்ற சொல்லே இல்லை. 70,000-இன் சோதனை தேறியது. எண்ணி முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. ஐந்து எண்களையும் அறிக்கையோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பு மையால் குறியிட்டேன்.